ஓரத்தில் ஓர் ஊதல்

கண்ணாடித் தகட்டிலிருந்து படலத்தை உரித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. நம் துறையின் கோவிந்தம்மாள் காலமாகிவிட்டார். கையிலிருந்த படலம் பாதியில் கிழிந்தது. செய்தி வராவிட்டாலும் கிழிந்துதான் இருக்கும். என் படலங்கள் அப்படி.

அவருடையது கிழியாது. தர்மபுரியில் ஒரே ஆய்வகத்தில், எதிரெதிர் மேசைகளில் பதினோரு வருடம் வேலை பார்த்தோம். பாலிமர் கரைசலில் கார்பன் பொடி கலந்து, தகட்டில் ஊற்றிக் காயவைத்து, மெல்லிய தாள்போல உரித்தெடுப்பதுதான் இருவருக்கும் வேலை. அவருடைய படலத்தை விரலில் சுற்றினால் அது விரல் மடங்குவதை அளக்கும். அழுத்தினால் துளி மின்சாரமும் தரும். என் படலமும் இரண்டு வேலை செய்யும்: ஒட்டும், கிழியும்.

"களி கிண்டத் தெரிஞ்சா போதுங்க மேடம். கட்டி தட்டுனா கரண்டு போவாது" என்பார் கோவிந்தம்மாள், காரிமங்கலத்துக்காரர். நானும் இந்தப் பக்கம்தான். ராகிக் களி எனக்கும் வரும். என் கலவையும் கட்டி தட்டியதில்லை. உரிப்பதில்தான் தோற்றேன். அவரோ உரிக்கும்போது மட்டும் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். ரகசியத்தை மறைக்கிறார் என்று வயிறெரிந்தேன். "என்னங்க மேடம், இன்னிக்கும் ஒட்டிக்கிச்சா?" என்று சிரிப்பார். எப்படி உரிக்கிறீர்கள் என்ற கேள்வி வாய்வரை வரும். கேட்டதில்லை.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் எங்களைத் தோழிகள் என்று நினைத்திருப்பீர்கள். அவருக்காகக் கைதட்டிய ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் தட்டினேன்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் கணவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "பிலிம் ஓரத்துல வாயால ஊதுவாளாம்ங்க. மூச்சு ஈரம் பட்டா தானா வுட்டுக்குமாம். அவ்ளோ மிஷினு இருக்கற எடத்துல ஊதறதப் பாத்தா நீங்க சிரிப்பீங்கன்னு திரும்பிக்குவாளாம். 'அந்த மேடம் ஒரு தடவ கேட்டாப் போதும், சொல்லிடுவேன். கேக்கவே மாட்டேங்கறாங்க'ன்னு வூட்ல சொல்லிக்கிட்டே இருப்பா."

மறுநாள் என் படலத்தின் ஓரத்தில் ஊதினேன். முழுதாகக் கையோடு வந்தது. பெருமையாக எதிர் மேசையைப் பார்த்தேன். காட்டுவதற்கு ஆள் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த ஊதலை இனி நான் வைத்துக்கொள்கிறேன். மாணவிகளுக்கு முதுகைக் காட்டாமல் ஊதிக் காட்டுவேன். "யார் மேடம் கண்டுபிடிச்சது?" என்று கேட்பார்கள். அவர் பெயரைத்தான் சொல்ல வேண்டும். இப்போதே பொறாமையாக இருக்கிறது.