அஃபோர்செய்ட் பிரிமைசஸ்

செல்லக்கனி அம்மாள் மும்பை மாட்டுங்காவில் எங்கள் வக்கீல் ஆபீஸுக்குள் வந்து நேராக என் மேஜை முன் நின்றார்.

"மாடி எனக்குக் கிடையாதுங்காவ. நீங்கதான வாசிச்சுக் காட்டுனிய?"

நான்தான். தாராவியில் அவர் வீட்டை இடித்துவிட்டுப் புது இடம் தருவதாக பில்டர் போட்ட அக்ரிமெண்டை டிராஃப்ட் செய்தவனும் நான்தான்.

சார் சொல்லிக்கொடுத்தது

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வக்கீல் சார் சொன்னார்: "எதையும் ஒரு தடவைதான் முழுசா எழுதணும். அப்பறம் 'செய்ட்', 'அஃபோர்செய்ட்'. திரும்பத் திரும்ப எழுதினா கோர்ட்ல சிரிப்பா."

ஆசையாகக் கற்றேன். 'மேற்சொன்ன' என்று பொருள்படும் அந்த வார்த்தைகள் படிப்பவரை முன்பக்கத்துக்கு அனுப்புபவை. இங்கிலீஷ் தெரியாதவர் எங்கே போவார் என்று நான் யோசிக்கவில்லை.

செல்லக்கனியின் அறைக்கு மேலே மாடி. அங்கே தையல் மிஷின்கள். குடும்பமே அவற்றால்தான் ஓடியது. எங்கள் கட்சிக்காரரான பில்டர் தரப்பு சொன்னபடி முதல் பக்கத்தில் 'தரைத்தள அறை' என்று மட்டும் எழுதினேன். மற்றப் பக்கங்களில் எல்லாம் 'அஃபோர்செய்ட் பிரிமைசஸ்', அதாவது மேற்சொன்ன இடம்.

வாசித்துக் காட்டிய நாள்

கையெழுத்துப் போடுபவருக்கு அவர் மொழியில் வாசித்துக் காட்டி, வாசித்தவரும் கீழே கையெழுத்திடுவது எங்கள் வழக்கம். முதல் பக்கத்தை, "உங்க பேரு, விலாசம்" என்று சொல்லித் தள்ளினேன்.

"இதுல மாடியும் சேத்தியா, சார்?"

"முன்னாடி சொன்ன இடம் பூரா கிடைக்கும்னு இருக்கும்மா."

"முன்னாடி என்ன சொல்லிருக்கு?"

பில்டரின் ஆள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். "அங்கிள், ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்தினான்.

"உங்க இடம்தாம்மா" என்றேன். பக்கத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் கையெழுத்து விழாது என்று எனக்குத் தெரியும்.

அவர் திரும்பி வந்தபோது

சத்தம் கேட்டு சார் வெளியே வந்தார். "விளக்கிச் சொன்னதுக்கு எங்க ஆளோட கையெழுத்தே இருக்கேம்மா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது." என் பக்கம் திரும்பி, "வாசிச்சீர் இல்லையா?" என்றார்.

"வாசிச்சேன் சார்."

செல்லக்கனி என்னையே பார்த்தார். "வாசிச்சியதான். தமிழ்ல சொன்னியன்னுதான நம்புனேன்."

மிஷின்களைக் குர்லாவில் விற்றுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு அந்த வருஷமும் இன்கிரிமெண்ட் வந்தது.

டிராஃப்டிங்குக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். 'அஃபோர்செய்ட்' எழுதுங்கள், வேலைக்கு அது வேண்டும். வாசித்துக் காட்டும்போது மட்டும் பக்கத்தைத் திருப்பி, அது குறிக்கிற வரியை வாசியுங்கள். அதைக் கேட்டு எதிரில் இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனால், போகட்டும்.