அண்ணன் போட்ட கையெழுத்து

என் அண்ணன் அருள்ராஜ் டெல்லியில் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப்பிலிருந்து வேலைக்குப் போய்வந்த கார் மெக்கானிக். நீளமான ஸ்குரூடிரைவரை எஞ்சினில் ஊன்றி, பிடியில் காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான். 2006இல் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு வாரண்டியில் புது எஞ்சின் மாட்டினான். அதிலும் டக்டக் என்று சத்தம் வந்தது.

“எஞ்சினுக்கு உள்ளேதான் சார் சத்தம்.”

“அச்சா. அப்படி எழுதினா, மாட்டினவன் கெடுத்துட்டான்னு கம்பெனி சொல்லும். வேலை வேணும்னா சத்தம் இல்லைன்னு எழுது,” என்றார் மேனேஜர்.

எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அடுத்த வாரமே காரின் சொந்தக்காரர் அதே சத்தத்தோடு திரும்பி வந்தார். மேனேஜர் அந்தத் தாளை நீட்டினார். “இவனுக்குக் காது போச்சு சார். ஆளை மாத்திடறேன்.”

அன்றே வேலை போயிற்று. வேறு ஒர்க்‌ஷாப்களில் போய் நின்றால், “காது கேட்காத மதராசி நீதானா?” என்று சிரித்தார்கள்.