காளிமுத்துவின் விலாவுக்குள் ஒரு பை

போன செவ்வாய்க்கிழமை கண்டிக் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறினேன். என் மேல் வழக்கு எதுவும் இல்லை — இருந்திருந்தால்கூட அவ்வளவு வியர்த்திருக்காது.

விஷயம் இதுதான். ஹேவாஹெட்டப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்தில், காளிமுத்து என்பவன் பழ மூட்டையைத் தூக்க மறுத்தான். விலா வலிக்கிறதாம். கூட வேலை செய்த மச்சான் மாடசாமிக்கு வந்ததே கோபம்! பிடித்து ஒரு தள்ளு தள்ளினான். மாலைக்குள் காளிமுத்து சுருண்டு விழுந்து செத்துப்போனான். மாடசாமியைக் கொலைகாரன் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். நிரூபணமானால்... தூக்கு.

உடலை அறுத்துப் பார்த்தவர் எங்கள் டொக்டர், யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்தில் கிண்ணம் பிடித்து நின்ற, மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சர் அடியேன்தான்.

சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் வைத்தாற்போல ஒரு சின்னச் சுரப்பி உண்டு. உங்களுக்கும் உண்டு. தடவிப் பார்க்காதீர்கள், அகப்படாது. காளிமுத்துவுக்கு இடது பக்கம் அந்த இடத்தில் தேங்காய் அளவு பை. அது வெடித்து, வயிறெல்லாம் ரத்தம்.

"தள்ளினதால வந்த பையா ஐயா?" என்று கேட்டேன்.

"இல்லைக் காணும். இந்தப் பை சிலருக்கு நிணநீர்க் குழாய் வீங்கி வரும். சிலருக்குச் சுரப்பியின்ரை சதையிலையே வரும். புழுவாலையும் வரும். அதுகளுக்கு உள்ளுக்கு ஒரு தோல் இருக்கும். இதுக்கு இல்லை, பாரும். எப்பவோ சுரப்பிக்குள்ளை ரத்தம் கசிஞ்சு, அதைச் சுத்திச் சுவர் கட்டியிருக்கு."

சுவரைக் கத்தியால் தட்டினார். சுண்ணாம்புக் காரை போல் சத்தம் கேட்டது.

"இது வருசக்கணக்கான வேலை. ஆனா வெடிச்சது தள்ளினதாலைதானே எண்டு கோர்ட்டிலை கேப்பினம். அதுக்கு முந்தியே நோவு இருந்தது எண்டு ஆர் சொல்லுவினம்?"

யார் சொல்வது? நான்தான்.

எங்கள் மருந்துச்சாலையில் ஒரு வழக்கம். நோயாளி வாய் திறக்க மாட்டான்; கங்காணி பேசுவார். "வயித்துவலியாம் ஐயா. வேலைன்னாவே இவனுக்கு வயித்துவலிதான்." நான் சிரித்துக்கொண்டே விளக்கெண்ணெய் ஊற்றுவேன். காளிமுத்துவுக்கு நாலு முறை ஊற்றினேன். நாலாவது, அவன் செத்த அன்று காலை.

அவனுக்கு இரண்டு கவளத்துக்கு மேல் சோறு இறங்காது, இடது விலா எப்போதும் கனக்கும், அன்று விடிந்ததிலிருந்தே வாந்தி — இதெல்லாம் அவன் மனைவி சொல்லிப் பிறகுதான் தெரியும். நான் அவனிடம் கேட்டேனா? விலாவில் ஒரு விரலாவது வைத்தேனா? அவன் குரலையே நான் கேட்டதில்லை. நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். யோசித்தேன் என்பதை மறைப்பானேன்? வேலை போனால் என் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? ஆனால் மாடசாமிக்கும் பிள்ளைகள் இருக்கின்றனவே...

கூண்டில் எல்லாவற்றையும் கொட்டினேன். வலியோடு வந்தவனுக்கு எண்ணெய் கொடுத்து வேலைக்கு அனுப்பியது நான் என்றேன். பை பழையது, தள்ளுவதற்கு முன்பே கசியத் தொடங்கியிருக்கும் என்று டொக்டர் சொன்னார். நீதவான் மாடசாமியை விடுவித்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வெளியே மாடசாமி நின்றான். கும்பிடப் போகிறான் என்று நினைத்துக் கூச்சத்தோடு நெளிந்தேன்.

"ஐயா... நான் தள்ளினப்ப அவனுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?"

அரை மணிநேரத்துக்கு முன் சத்தியம் செய்து உண்மை பேசிய அதே வாயால், "இல்லப்பா, ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்றேன்.