கழற்றி வைத்த உத்தரியம்

எண்பத்தைந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஹோர்சன்ஸ் நகரில், போத்தல் கழுவும் மிசின் செய்கிற தொழிற்சாலையில் என் கணவருக்கு வேலை. முன்பு கப்பலில் எஞ்சின் பார்த்தவர். குடியால் அந்த வேலை போனது. இங்கு வந்தும் வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வந்த நாள் குறைவு. பிறகு மடு மாதாவுக்கு நேர்ந்து, மாதா படம் தைத்த சின்னத் துணித் துண்டைக் கயிற்றில் கோத்த உத்தரியத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குடியை நிறுத்தினார். எட்டு மாதம் ஆகியிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவரை ஒரு கிழமைக்குச் சீனாவுக்கு அனுப்பினார்கள். சிங்தாவ் என்று கடலோரத்தில் ஓர் ஊர். பியர் காய்ச்சும் இடத்தில் மிசினைப் பூட்டி ஓடவைக்க வேண்டுமாம்.

மேல்மாடிக்காரர் வழியனுப்ப வந்து சிரித்தார். "அண்ணை, அங்கை குழாயைத் திறந்தாலும் பியர்தானாம் வரும். பல்லு விளக்கேக்கை கவனம்!"

இவர் சிரிக்கவில்லை.

ரயிலேற்றிவிட்டு வந்து குளியலறையைக் கழுவப் போனேன். கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் உத்தரியம் தொங்கியது. எங்கள் ஆட்கள் உத்தரியத்தோடு குடிக்கமாட்டார்கள். மாதாவுக்கு மரியாதை என்று கழற்றி வைத்துவிட்டுத்தான் போத்தலைத் தொடுவார்கள். மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் எட்டு மாதமாகக் குளிக்கும்போதுகூடக் கழற்றாதவர்.

அந்தக் கிழமை ஏழு நாளும் யாரிடமும் சொல்லவில்லை. வாய் திறக்க எனக்குக் கூச்சம். டெலிபோன் அடித்தாலே பதறினேன்.

அவர் வந்த அன்று ஸ்டேஷனில் முதலில் கண்ணைத்தான் பார்த்தேன். தெளிவாக இருந்தது. அது எனக்குப் போதவில்லை. வழியெல்லாம் அவரே கதைத்தார். "அங்கை சனம் பியரைப் பொலித்தீன் பையிலை வாங்கிக்கொண்டு போகுதப்பா. நாங்கள் மீன் வாங்கிக்கொண்டு போற மாதிரி."

வீட்டுக்குள் வந்ததும் உத்தரியத்தை என் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன்.

"மறந்துபோய் விட்டிட்டுப் போனீங்களோ?"

"இல்லையப்பா. குடிக்கலாமெண்டுதான் கழட்டி வைச்சனான்."

"குடிச்சனீங்களோ?"

"ஓம். மிசின் ஓடின அண்டைக்கு எல்லாரும் எழும்பி நிண்டு கிளாசைத் தூக்கிச்சினம். ஒண்டு குடிச்சன். ரெண்டாவது ஊத்த வரேக்கை கிளாசைக் கவிட்டு வைச்சிட்டன்." தலையைக் குனிந்தார். "நீயே போட்டு விடு."

உத்தரியத்தை எடுத்து என் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அதுவரை அவர் கேட்டதை நான் மறுத்ததே இல்லை.

"இண்டைக்கு வேண்டாம். நாளைக்கு வேலை முடிஞ்சு நேரை வீட்டுக்கு வாங்கோ. அப்ப பாப்பம்."

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு முன்பே ஜன்னலடியில் நின்றேன். நேரம் வந்தது, சைக்கிளைக் காணவில்லை. அரை மணித்தியாலம் போனது. உத்தரியக் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி விரல் சிவந்துவிட்டது.

காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு, வேர்த்துக் களைத்து வந்தார். கிட்டப் போய் மணந்து பார்த்தேன். மிசின் எண்ணெய் மணம் மட்டும்தான்.

"குனியுங்கோ" என்றேன், கதவடியிலேயே.