இரண்டு மார்க் இரக்கம்

நைல் டெல்டாச் சந்தையில் கீரைக்கட்டு விற்கும் இன்ஷிராஹை, மூத்த மகன் பெயரைச் சேர்த்து ஊரார் உம்மு ரிஸ்க், அதாவது ரிஸ்கின் அம்மா, என்பார்கள். மருத்துவக் கல்லூரியில் மட்டும் அவள் பெயர் மண்ணீரல். "மண்ணீரல் வந்தாச்சா? மூணாம் கட்டிலுக்கு அனுப்பு!" சின்ன வயதில் வாய்க்கால் தண்ணீரில் நின்று வாங்கிய வியாதி, அவள் மண்ணீரலைத் தொப்புள்வரை வீங்க வைத்திருந்தது. வருடா வருடம் மாணவர்களின் தேர்வுக்கு வந்து வயிற்றைக் காட்டினால் மருந்து தடையில்லாமல் கிடைக்கும். ஒரே நிபந்தனை, வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் விடையைச் சொல்லிவிடுவாளாம்.

அந்த வருடம் புதுக் கூத்து ஒன்று. மாணவர்களுக்கு இரக்கம் போதவில்லை என்று யாரோ புகார் செய்ய, இரக்கத்துக்கு இரண்டு மார்க் ஒதுக்கிவிட்டார்கள். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா" என்று சொல்ல வேண்டும். தேர்வாளர் டிக் அடிப்பார். இரக்கத்தை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா, சொல்லுங்கள்!

காலையிலேயே உம்மு ரிஸ்குக்கு இடது விலாவுக்குக் கீழே சுருக்கென்று குத்தியது. முதல் பையன் வந்தான். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா." சொன்ன கையோடு ஐஸ் மாதிரியிருந்த விரல்களை வைத்து அமுக்கினான்.

"அய்யோ, வலிக்குதுப்பா. இன்னிக்கு வேற மாதிரி வலிக்குது."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தேர்வாளர் டாக்டர் வஜ்தியின் பேனாவைத்தான் பார்த்தான். வஜ்தி சீறினார்: "பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல? பசங்களுக்கு அடியெடுத்துக் குடுக்காதீங்க."

அடுத்தவன் வந்தான், அதற்கடுத்தவள் வந்தாள். எல்லோருக்கும் அவள் கஷ்டம் புரிந்தது. எல்லோரும் அமுக்கினார்கள். வலி தோளுக்கு ஏறியது. வாயைத் திறந்தால் மருந்து போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். படித்த கூட்டமாம், கூட்டம்!

கடைசியாக நஹ்லா என்றொரு பெண் வந்தாள். பதற்றத்தில் அந்த வாக்கியமே அவளுக்கு மறந்துபோயிற்று. உம்மு ரிஸ்கின் நெற்றி வேர்வையைப் பார்த்தவள், வயிற்றைத் தொடாமல் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னம்மா பண்ணுது?"

"தோள் வரைக்கும் இழுக்குது கண்ணு. செத்துருவேன் போலிருக்கு."

"சார், நாடி தறிகெட்டு ஓடுது! உள்ள ரத்தம் கசியுதோ என்னவோ, சர்ஜனைக் கூப்பிடுங்க சார்!"

அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே, அவளுக்குக் கொடுத்த நேரம் முடிந்து மணி அடித்தது. எழுந்து வந்து பார்த்த வஜ்தியின் முகம் வெளிறிப்போயிற்று. அன்றே அறுவை சிகிச்சை. கிழிந்த மண்ணீரலை எடுத்துப் போட்டார்கள், உம்மு ரிஸ்க் பிழைத்தாள்.

அவள் சந்தைக்குத் திரும்பியபின், கீரை வாங்க வந்த நர்ஸ் ஒருத்தி விஷயத்தைச் சொன்னாள். நஹ்லா ஃபெயில். வயிற்றைத் தொடவில்லை, மணி அடிப்பதற்குள் வியாதியின் பெயரைச் சொல்லவில்லை, அந்த வாக்கியத்தையும் சொல்லவில்லை. மற்ற எல்லோரும் பாஸ்.

உம்மு ரிஸ்க் கீரையைப் போட்டது போட்டபடி கிளம்பினாள். தையல் போட்ட இடம் இழுத்தது, யார் கவலைப்பட்டார்கள்? நேரே வஜ்தியின் அறைக்குள் நுழைந்தாள்.

"இத்தன வருஷம் வாய மூடிக் கெடந்தேன். இப்பத்தான் மண்ணீரலே இல்லையே, பேசலாம்ல? அமுக்கிக் கிழிச்சவங்க பாஸு, உசுரக் காப்பாத்துன புள்ள ஃபெயிலா? உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா? வயிறு என்னுது. மார்க்க நான் போடுறேன், குடுங்க பேனாவ!"

வஜ்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு சொன்னார்:

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா."