டோப்பா கம்பெனியின் உள்ளூர்ப் பொறுப்பாளர்

தான் நாட்டை விட்டு ஓர் அடி வெளியே வைத்தால் ஒரு கம்பெனியே கவிழ்ந்துவிடும் என்று என் அத்தான் நம்பினார். கவிழ்வது ஒரு மெத்தைக் கம்பெனியாக இருந்தாலாவது அர்த்தம் உண்டு, ஏனென்றால் அவர் மெத்தையும் தலையணையும் விற்பவர். கவிழும் என்று அவர் பயந்ததோ கடல் தாண்டி இருக்கும் ஒரு டோப்பா கம்பெனி. அத்தானின் தலையில் மருந்துக்குக்கூட முடி கிடையாது.

அவர் என் அக்காவின் கணவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். கீழே கடை, மேலே வீடு. கடைக்கு யாராவது வந்தால் விலையைச் சொல்ல மாட்டார். "முதல்ல படுங்க, கண்ணை மூடுங்க" என்பார். வந்தவருக்குக் கூச்சமாக இருக்குமே என்று பக்கத்து மெத்தையில் தானும் படுத்துக்கொள்வார். பல நேரம் அவர்தான் முதலில் தூங்குவார். வாங்க வந்தவர்கள் அவரைத் தட்டி எழுப்பிப் பணம் கொடுத்துவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

தூங்காத நேரத்தில் விதிகளைப் படிப்பார். இருமல் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைக் கடைசி வரிவரை படித்துவிட்டு, தனக்கு இல்லாத சிறுநீரகக் கோளாறை நினைத்து மருந்தைக் குடிக்காமல் விடுவார். லிஃப்டில் ஆறு பேர்தான் ஏறலாம் என்று எழுதியிருந்தால், தன் உடம்பை இரண்டு பேராகக் கணக்குப் போட்டு இறங்கிக்கொள்வார். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். என் தொழிலுக்குப் பொறுமை மிகவும் அவசியம். எனக்கு அது சுத்தமாகக் கிடையாது. அப்படிப்பட்ட என்னிடம் கார் கற்றுக்கொள்ள வந்தார் அத்தான். சாலை விதிப் புத்தகத்தைப் படித்து முடிக்காமல் சாவியைத் தொட மாட்டேன் என்றார். இன்றுவரை தொடவில்லை.

இவருடைய ஒரே மகள் வெளிநாட்டில் அந்த டோப்பா கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனியின் இணையதளங்களைக் கவனிப்பது அவள் வேலை. நம் நாட்டிலும் டோப்பா விற்கலாம் என்று கம்பெனிக்கு ஆசை வந்தது. அதற்கு நம் நாட்டு முகவரி வேண்டும். இணைய முகவரியின் கடைசியில் ஒரு புள்ளியும், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்தும் வருமே, அதுதான். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "வால்". சில நாடுகள் யார் கேட்டாலும் வாலைக் கொடுத்துவிடும். இங்கே வாலைக் கொடுக்கும் நம் பதிவகம் அப்படி இல்லை. நீ இந்த நாட்டுக்காரனாக இருக்க வேண்டும், அல்லது உன் கம்பெனி இங்கே பதிவாகி இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத வெளிநாட்டுக் கம்பெனி என்றால், இங்கே வசிக்கிற ஒருவரை உள்ளூர்ப் பொறுப்பாளராகக் காட்ட வேண்டும்.

"அப்பா, உங்க பேரும் வீட்டு விலாசமும் குடுத்தா போதும். நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்" என்றாள் மகள்.

ஒன்றுமே செய்ய வேண்டாம் என்றால் வேறு யாராக இருந்தாலும் சந்தோஷமாக ஒன்றும் செய்யாமல் இருந்திருப்பார்கள். அத்தான் பதிவகத்தின் விதிகளை அச்செடுத்து வந்து, மெத்தையில் குப்புறப் படுத்துப் படித்தார். சாப்பிடும்போது எங்களுக்கும் வகுப்பு நடந்தது. பெயரின் முதல் எழுத்தாகச் சின்னக் கோடு வரக்கூடாது. கெட்ட வார்த்தை கூடாது. அரசாங்க அலுவலகம் மாதிரி ஒலிக்கக் கூடாது. விவரம் பொய் என்று தெரிந்தால் வாலை அறுத்துவிடுவார்கள். ஒரே பெயரை இரண்டு பேர் கேட்டால் முதலில் வந்தவருக்குத்தான்.

அந்தக் கடைசி விதி அவருக்கு அனுபவத்தில் தெரியும். தன் கடையின் பெயரான "ஆழ்ந்த உறக்கம்" என்பதையே முன்பு பதியப் போயிருந்தார். அதை இறுதி ஊர்வலம் ஏற்பாடு செய்கிற ஒருவர் ஏற்கெனவே எடுத்துவிட்டார். "நியாயம்தான். அவர்கிட்ட போறவங்க எழுந்திருக்கறதில்லையே" என்று திரும்பி வந்துவிட்டார்.

டோப்பா கம்பெனிக்கு வால் கிடைத்தது. அதோடு வேறொன்றும் கிடைத்தது. ஓர் இணைய முகவரி யாருடையது என்று யார் வேண்டுமானாலும் பதிவகத்தில் பார்க்கலாம். பார்த்தால் அத்தானின் பெயரும், வீட்டு விலாசமும், தொலைபேசி எண்ணும் பளிச்சென்று தெரியும். டோப்பா வாங்கி மனம் நொந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். வீட்டு மணி அடிக்க ஆரம்பித்தது.

முதலில் வந்தவர் ஒரு வங்கி மேலாளர். தொப்பியைக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"நான்தான் உள்ளூர்ப் பொறுப்பாளர், சொல்லுங்க" என்றார் அத்தான்.

வந்தவர் அத்தானின் தலையை நெற்றியிலிருந்து பிடரிவரை பார்த்தார். "நீங்க வைக்கிறதில்லையா?"

"இல்லீங்க. எனக்குப் பொறுப்பு மட்டும்தான்."

அவரை மெத்தையில் படுக்க வைத்து முழுக் கதையையும் கேட்டார். கூட்டத்தில் தும்மியபோது டோப்பா திரும்பி, வகிடு இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு ஓடியதாம். அத்தான் அனுதாபத்தோடு தலையாட்டினார். ஒட்டும் பசையைப் பற்றிக் கம்பெனிக்கு எழுதுவதாக வாக்குக் கொடுத்தார், எழுதவும் செய்தார். மேலாளர் போகும்போது இரட்டை மெத்தை ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

இப்படியே வளர்ந்தது. சிக்கு விழுந்த டோப்பாக்களை அத்தானே வாங்கி வைத்து, ஷாம்பு போட்டு அலசி, மாடிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டார். "துணி எடுக்கப் போனா யார் தலையோ தொங்குதுடா. எனக்கு ஈரக்குலையே நடுங்குது" என்று அக்கா என்னிடம் புலம்பினாள். எதிர்வீட்டுக்காரர்கள் குடிபெயர்வதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். தெருவில் அத்தானுக்குப் "பொறுப்பாளர்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு அதில் ரகசியமாகப் பெருமை.

அப்போதுதான் மகளின் கல்யாணம் வந்தது. கூட வேலை பார்க்கிற பையன். அங்கேயே பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு நண்பர்களோடு ஒரு சாப்பாடு. அப்பாவும் அம்மாவும் வந்தால் போதும் என்றாள்.

"அம்மாவை அனுப்பறேன். எனக்குக் கடையில வேலை இருக்கும்மா" என்றார் அத்தான்.

ஒரே மகளின் கல்யாணத்தைவிட அப்படி என்ன கடை வேலை? அப்பாவுக்குப் பையனைப் பிடிக்கவில்லை என்று மகள் முடிவு கட்டிவிட்டாள். தொலைபேசியில் அம்மாவோடு மட்டும் பேசினாள். அக்கா அவரைக் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். "நீங்க வராம நான் மட்டும் போய் நின்னா அவ மனசு என்ன பாடுபடும்" என்று அழுதும் பார்த்தாள். அத்தான் தலையணை உறைகளை மடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அக்கா என்னை ஏவிவிட்டாள்.

நான் போன வேகத்தில் கடைக் கதவின் கண்ணாடி அதிர்ந்தது. "என்ன அத்தான் நினைச்சிட்டிருக்கீங்க? அந்தப் பையன்கிட்ட என்ன குறை?"

"பையனா? தங்கமான பையன், மச்சான்" என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து அச்செடுத்த விதிகளை எடுத்தார். ஒரு வரியின் அடியில் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. பொறுப்பாளர் இந்நாட்டில் வசிப்பவராக இருத்தல் வேண்டும்.

"அதனால?"

"விமானம் எல்லையைத் தாண்டின நிமிஷமே நான் இங்க வசிக்கலை. வால் அறுந்துடும். டோப்பா விக்காது. அவ வேலை போயிடும், மாப்பிள்ளை வேலையும் போயிடும். கல்யாணத்தன்னிக்கு ரெண்டு பேர் பொழப்பையும் கெடுத்துட்டு நான் எந்த முகத்தோட அவங்களை வாழ்த்துறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"இதை அவகிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா, நம்மாலதான் அப்பா மாட்டிக்கிட்டார்னு வருத்தப்படுவா. என் மேல கோபமா இருந்துட்டுப் போகட்டும். கோபம் ஆறிடும்."

இந்த மனிதரை அடிப்பதா, கட்டிப்பிடிப்பதா என்று தெரியவில்லை. காரில் ஏற்றிப் பதிவகத்துக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் அவர் சீட் பெல்ட்டை இழுத்து இழுத்துச் சரிபார்த்தார்.

பதிவகம் ஒரு குளியலறைச் சாமான் கடையின் மாடியில் இருந்தது. கவுன்ட்டரில் இருந்த அம்மாள் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"வசிப்பவர்னா என்னங்க அர்த்தம்?" என்றார் அத்தான்.

அந்த அம்மாள் கண்ணை எடுத்தார். "உங்க வீடு இங்க இருக்கணும்."

"வீடு இருக்கு. நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தா?"

"அப்பவும் வசிக்கிறீங்க."

"பக்கத்து ஊர்ல ராத்திரி தங்கிட்டா?"

"வசிக்கிறீங்க."

"கப்பல்ல ஏறிட்டேன், கப்பல் இன்னும் கிளம்பலைன்னா?"

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் அந்தக் கேள்வியில் ஆர்வமாகி முன்னால் வந்தார். கவுன்ட்டர் அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஐயா, ஊருக்கெல்லாம் போங்க. உலகத்தையே சுத்துங்க. உங்க வீடு இங்க இருக்கு, நீங்க திரும்பி வரப்போறீங்க. அவ்வளவுதான் அர்த்தம்."

"நான் இல்லாதப்ப யாராவது புகாரோட வந்தா?"

"யாராவது கேட்டு உங்ககிட்ட சொன்னா போதும்." சொல்லிவிட்டு, அத்தான் காட்டிய இணைய முகவரியை அவர் கணினியில் தட்டிப் பார்த்தார். புருவம் சுருங்கியது. "ஆனா இதுல உங்க பேர் இருக்கணும்னு அவசியமே இல்லையே. அந்தக் கம்பெனி இங்கேயே கிளை பதிவு பண்ணி ரொம்ப நாளாச்சு. அவங்க பேர்லயே வெச்சுக்கலாம். ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் பொறுப்பாளரை மாத்தவான்னு கேட்கிறோம். வேண்டாம்னு பதில் வருது."

அத்தான் நன்றி சொன்னார். அவர் குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. படி இறங்கி வந்து, நடைபாதையில் விற்பனைக்கு வைத்திருந்த குளியல் தொட்டி ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு உள்ளேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே மகளை அழைத்தார். அவருக்குத் தொலைபேசியைக் காதில் வைத்துப் பேசத் தெரியாது, ஸ்பீக்கரில்தான் பேசுவார், அதனால் தெருவே கேட்டது.

"அம்மாடி, நான் தேவையே இல்லையாமே."



"யார்ப்பா சொன்னாங்க?"

"பதிவகத்துல. கிளை திறந்தாச்சாமே. என் பேரை எடுத்திருக்கலாமாமே."

"எடுத்திருக்கலாம்ப்பா. நான்தான் எடுக்கலை." அவள் குரல் உடைந்தது. "காலையில ஆபீஸ் போனதும் முதல்ல அந்தப் பக்கத்தைத்தான் திறப்பேன். உங்க பேரு, நம்ம தெரு, நம்ம கதவு எண், எல்லாம் அப்படியே இருக்கும். அதைப் பார்த்துட்டுத்தான் வேலையே ஆரம்பிப்பேன். அதை எப்படிப்பா எடுப்பேன்?"

 அத்தான் வரமாட்டேன் என்றதற்கும் அந்தப் பேர்தான் காரணம் என்று நான் தொலைபேசியைப் பிடுங்கிச் சொன்னேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அப்போ அவரைப் பிடிக்கலைன்னு இல்லையாப்பா?"

"சேச்சே. ஒண்ணு மட்டும் கேட்கணும். மாப்பிள்ளை டோப்பா வைக்கிறாரா?"

"வைக்கிறார்ப்பா. எங்க கம்பெனிதுதான்."

"தும்மினா திரும்புதா?"

"இல்லப்பா. நீங்க எழுதின பிறகு பசையை மாத்திட்டாங்க."

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குளியலறைக் கடைக்காரர் வெளியே வந்து, தொட்டி எடுக்கிறீர்களா என்று கேட்டார். உட்கார வசதியாக இருக்கிறது, படுத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றார் அத்தான்.

அவர் கிளம்புவதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். விலாசத்தில் ஆள் இருக்க வேண்டும். நான் இருக்கிறேன் என்றேன். என் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன். அது உண்மைதான். புதுப்பிக்க நேரம் இருந்தது என்பதும் உண்மை. "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி" என்று அக்கா பெட்டியை மூடினாள்.

கல்யாணத்தன்று கடை மெத்தையில் சாய்ந்தபடி கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டு முடித்ததும் கம்பெனி ஆட்கள் அத்தானைச் சூழ்ந்துகொண்டார்கள். பெயரை மட்டுமே பார்த்திருந்தவர்களுக்கு ஆளைப் பார்த்ததில் அத்தனை மகிழ்ச்சி. அத்தனை அடர்ந்த தலைகளுக்கு நடுவே அத்தானின் மொட்டைத் தலை மட்டும் விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. மகள் அதன்மேல் கன்னத்தை வைத்து நின்றாள்.

"மாமா, நீங்களும் வந்திருக்கலாம்ல?" என்று கேட்டாள்.

பதில் சொல்வதற்குள் மணி அடித்தது. கைபேசியைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். கையில் ஒரு காகிதப் பையோடு ஒருவர் நின்றார். பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

"உள்ளூர்ப் பொறுப்பாளர் இருக்காருங்களா?"

"பொண்ணு கல்யாணத்துக்கு வெளிநாடு போயிருக்கார்" என்றேன். "ஆனா வசிக்கிறது இங்கதான். உள்ள வந்து படுங்க."