ஏழாம் சுற்றின் நூல்

மாலை நாலேகால். மடவளையில் எங்கள் வீட்டில் நான் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே என் மகள் எனக்காக வெள்ளை நூல் தொப்பி பின்னிக்கொண்டிருந்தாள். ஏழாம் சுற்றில் அவள் கை நின்றது. "வாப்பா, எத்தனை கண்ணி போட்டேன்?" என்று என்னிடமே கேட்டாள். ஊர்க்கதை பேசிக்கொண்டே ஒரு கண்ணி தவறாமல் பின்னுகிறவள் அவள்.

ஒரு வருடமாகவே அவளுக்குக் கால் மரத்துப்போவதும், பார்வை மங்கித் தெளிவதுமாக இருந்தது. நரம்பு நோய், ஓய்வு வேண்டும் என்று கண்டியில் டாக்டர் சொல்லியிருந்தார். புத்தியும் போகிறது என்று அன்று மாலை முடிவுகட்டியது நான்தான். ஓய்வு என்ற பெயரில் யாரையும் வீட்டுக்கு வரவிடவில்லை. அவளோடு கேலி பேசும் சாச்சிக்கும், அதாவது என் மறைந்த மனைவியின் தங்கைக்கும், வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். நான் பள்ளிக்கூட வாத்தியார் அல்லவா. தினமும் எதிரே அமர்ந்து அவள் கண்ணிகளை எண்ணினேன். தவறினால் பிரிக்கச் சொன்னேன்.

"நீங்க பாத்துக்கிட்டு ஈந்தா எனக்கு எண்ண வருதில்ல வாப்பா" என்றாள் ஒருநாள். அதையும் நோயின் கணக்கிலேயே சேர்த்தேன். பிறகு அவள் பேசுவதே குறைந்தது. பேச்சு குறையக் குறையத் தவறுகள் கூடின. கடைசியில் ஊசியைத் தொடுவதையும் விட்டாள்.

அடுத்த மழையில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. முடியாத தொப்பி என் அலுமாரியில் இருக்கிறது. பலமுறை பிரித்துப் பின்னியதில் ஏழாம் சுற்றின் நூல் பிசிறிக் கறுத்திருக்கிறது. எட்டாம் சுற்று மட்டும் பளிச்சென்று, ஒரு கண்ணி பிசகாமல் இருக்கிறது.

அது, அவள் ஊசியை விட்ட பிறகு சாச்சி வந்த நாளில் பின்னியது. என் சொல்லை மீறி அலவத்துகொடையிலிருந்து வந்தவர், தொப்பியை எடுத்துப் பார்த்து, "என்ன புள்ள, ஒங்கட வாப்பாட தல பூசணிக்காயா?" என்றார். மகள் நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள். சிரித்தபடியே ஊசியை எடுத்தாள். நான் அறைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே பேச்சு ஓயவில்லை, எண்ணிக்கையும் தவறவில்லை.

புறப்படும்போது சாச்சி வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"மச்சான், புள்ளேட புத்தி எங்கயும் போகல்ல. அவ பயந்து போய் ஈக்கிறா. நீங்க அவட முன்னால ஈந்து கொஞ்சம் எழும்பி வெளிய போங்க."